யூபிஐயில் வந்த பணமெல்லாம் விற்பனையா? சிறு கடைக்காரர்களும் தனிநபர்களும் வரிக் கணக்கில் கவனிக்க வேண்டியவை

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வணிகர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2021-22 முதல் 2024-25 வரையிலான நான்கு ஆண்டுகளில் அவர்கள் கணக்கில் யூபிஐ வழியாக எவ்வளவு வரவானது என்ற விவரத்தைப் பணப்பரிமாற்ற நிறுவனங்களிடமிருந்து பெற்று, அதன் அடிப்படையிலேயே அந்த நோட்டீஸ்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. ஹாவேரியில் காய்கறி விற்கும் ஒருவருக்கு, நான்கு ஆண்டுகளில் வந்த 1.63 கோடி ரூபாய்க்கு 29 லட்சம் ரூபாய் வரி கேட்கப்பட்ட செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. பெங்களூருவில் பல கடைகளில் க்யூஆர் அட்டைகள் எடுக்கப்பட்டு, 'யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதிய தாள்கள் ஒட்டப்பட்டன. வணிகர்கள் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்த பிறகு, பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்றும், வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட யூபிஐ பரிமாற்றத்துக்கு ஜிஎஸ்டி வரப்போகிறது என்றொரு வதந்தி பரவி, மத்திய நிதியமைச்சகம் 2025 ஏப்ரலில் அதை மறுத்திருந்தது. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றாகக் கலந்து, 'யூபிஐயில் வாங்கினால் வரி, ரொக்கமாக வாங்கினால் வரி இல்லை' என்ற எண்ணம் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களிலும் பரவியிருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணம் எந்த வழியில் வந்தது என்பதற்காக வரி விதிக்கப்படுவதில்லை. அது எதற்காக வந்தது என்பதே வரியைத் தீர்மானிக்கிறது. எதற்காக வந்தது என்பதைக் காட்டும் தாள் கைவசம் இல்லாதவர்தான் நோட்டீஸைப் பார்த்துக் கலங்க வேண்டியிருக்கிறது.

நான்கு எண்கள், நான்கு பொருள்கள்

குழப்பத்தின் வேர், நான்கு வெவ்வேறு எண்களை ஒன்றாக எண்ணிக்கொள்வதில் இருக்கிறது.

1. வரவு: வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த எல்லாத் தொகையும். விற்ற காசு, தம்பி அனுப்பிய பணம், சீட்டு எடுத்த தொகை, தன்னுடைய இன்னொரு கணக்கிலிருந்து மாற்றியது, வங்கிக் கடன் எல்லாம் இதில் அடங்கும்.

2. விற்றுமுதல்: சரக்கு விற்றதற்கும் சேவை செய்ததற்கும் பெற்றதும் பெற வேண்டியதுமான தொகை. ரொக்க விற்பனையும் கடன் விற்பனையும் இதில் சேரும். ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா என்பதை முடிவு செய்வது இந்த எண்.

3. வருமானம்: விற்றுமுதலில் கொள்முதல், வாடகை, கூலி, மின்கட்டணம் போன்றவை போக மிஞ்சுவது. வருமான வரி இதன் மீதுதான்.

4. வரி: ஜிஎஸ்டியானால் வரிக்கு உட்பட்ட விற்பனையின் மீதும், வருமான வரியானால் விலக்குகள் போக மீதமுள்ள வருமானத்தின் மீதும் கணக்கிடப்படும் தொகை.

ஹாவேரிச் செய்தியில் வந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 1.63 கோடிக்கு 18 விழுக்காடு கணக்கிட்டால் 29.34 லட்சம் வருகிறது. முதல் எண்ணை அப்படியே இரண்டாம் எண்ணாகக் கொண்டு, விற்ற பொருள் எதுவென்று பாராமல் 18 விழுக்காட்டால் பெருக்கினால் கிடைக்கும் தொகைக்கு இது மிக அருகில் இருக்கிறது. பதப்படுத்தாத காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பதை நினைத்தால், கணினி தரும் ஒரு மொத்தத் தொகை விளக்கமின்றி வரிக் கேட்பாக மாறுவது எளிய மனிதர்களுக்கு எவ்வளவு பெரிய அநீதியாக முடியும் என்பது விளங்கும். அந்த விளக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு துறைக்கு இருக்கிறது. கேட்கும்போது கொடுப்பதற்கான கணக்கை வைத்திருக்க வேண்டிய பொறுப்பு வணிகருக்கும் இருக்கிறது.

ஜிஎஸ்டி பதிவு யாருக்குக் கட்டாயம்?

சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. சேவை செய்பவருக்கு இந்த வரம்பு 20 லட்சம். புதுச்சேரியில் சரக்குக்கும் 20 லட்சமே என்பதால், கடலூரில் ஒரு கடையும் புதுச்சேரியில் ஒரு கடையும் வைத்திருப்பவர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடக்கும் விற்பனை எல்லாம் சேர்த்தே வரம்பு பார்க்கப்படுகிறது. உணவகம் நடத்துவது சேவையாகவே கொள்ளப்படுவதால், சிற்றுண்டிக் கடைக்கு 40 லட்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பது தவறு.

வரம்பைக் கணக்கிடும்போது வரிவிலக்குள்ள பொருள்களின் விற்பனையும் சேரும் என்பதைப் பலர் அறிவதில்லை. காய்கறி, பால், கீரை மட்டும் விற்பவர் எத்தனை கோடிக்கு விற்றாலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே கடையில் பிஸ்கட்டும் குளிர்பானமும் சேர்த்து விற்கத் தொடங்கினால், காய்கறி விற்பனையும் 40 லட்ச வரம்புக் கணக்குக்குள் வந்துவிடும். வரி கட்ட வேண்டியது பிஸ்கட்டுக்கும் குளிர்பானத்துக்கும் மட்டுமே. பதிவு வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது மொத்த விற்பனை. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்பவருக்குப் பொதுவாக இந்த வரம்பே பொருந்தாது. முதல் விற்பனைக்கு முன்பே பதிவு வேண்டும். இணையம் வழியாகப் புடவை விற்கத் தொடங்கும் வீட்டுத் தொழில்முனைவோர் பலர் இந்த இடத்தில்தான் தெரியாமலே விதியை மீறுகிறார்கள்.

வரம்பைத் தாண்டிய நாளிலிருந்து 30 நாள்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்படிச் செய்தால், தாண்டிய நாளுக்குப் பிந்தைய விற்பனைக்கு மட்டுமே வரிப் பொறுப்பு. அந்த ஆண்டின் முதல் 40 லட்சத்துக்கு வரி இல்லை. கடையில் அன்று இருப்பிலுள்ள சரக்குக்குக் கட்டிய உள்ளீட்டு வரியையும், அதாவது அதை வாங்கியபோது கொடுத்த ஜிஎஸ்டியையும், வழக்கமான பதிவில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 30 நாளைத் தவறவிட்டவருக்கு இந்தச் சலுகைகள் சுருங்கிவிடும். துறையே கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்தால், வரியுடன் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியும், 10,000 ரூபாய் அல்லது வரித் தொகை இவற்றில் எது அதிகமோ அது அபராதமாகவும் சேரும்.

ஒரு மளிகைக் கடையின் ஆண்டுக் கணக்கு

இது எடுத்துக்காட்டுக்காக அமைத்த கணக்கு. மதுரையில் ஒரு மளிகைக் கடை என்று கொள்வோம். கடைக்காரரின் சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் யூபிஐ வழியாக 46 லட்சம் ரூபாய் வரவாகியிருக்கிறது. அதைப் பிரித்தால் இப்படி வருகிறது:

1. மனைவியின் கணக்கிலிருந்தும் தன் இன்னொரு கணக்கிலிருந்தும் மாற்றியது 4 லட்சம்.
2. சீட்டு எடுத்தது 3 லட்சம்.
3. அண்ணனிடம் வாங்கிய கைமாற்று 2 லட்சம்.
4. பக்கத்துக் கடைக்காரரின் வாடிக்கையாளர்கள் இவருடைய க்யூஆரில் செலுத்த, இவர் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தது 1 லட்சம்.
5. மீதி 36 லட்சம் கடை விற்பனை.

யூபிஐ வரவு 46 லட்சம் என்றாலும் அதில் விற்பனை 36 லட்சமே. வரம்புக்குள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கல்லாவில் ரொக்கமாக விற்றது 9 லட்சம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் விற்றுமுதல் 45 லட்சம். ஆகவே இந்தக் கடைக்குப் பதிவு கட்டாயம். யூபிஐ வரவு ஒரு பக்கம் விற்பனையை மிகைப்படுத்தியும் மறுபக்கம் குறைத்தும் காட்டுகிறது என்பதால், அதை மட்டும் வைத்துத் துறையும் முடிவு செய்ய முடியாது, கடைக்காரரும் ஆறுதல் கொள்ள முடியாது.

அந்த 45 லட்சத்தில் 15 லட்சம் வரிவிலக்குள்ள பொருள்கள் என்று வைப்போம். சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கு வரி இல்லை. பெயர் அச்சிட்டுக் கட்டிய, 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 விழுக்காடு உண்டு. ஒரே அரிசிதான், விற்கும் விதத்தைப் பொறுத்து வரி மாறுகிறது. அதனால் கொள்முதல் பில்லை வகை பிரித்து வைப்பது பிற்பாடு பெரிதும் உதவும். வரிக்கு உட்பட்ட விற்பனை 30 லட்சம். முன்பு சொன்ன கண்மூடித்தனமான முறையில் 46 லட்சத்தை 18 விழுக்காட்டால் பெருக்கினால் 8.28 லட்சம் ரூபாய் வரி வரும். உரிய காலத்தில் பதிவு செய்து, சிறு வணிகருக்கான குறைந்த விகித வரி ஏற்பாடான காம்போசிஷன் திட்டத்தைத் தேர்ந்திருந்தால், இதே அளவு விற்கும் ஒரு முழு ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 30,000 ரூபாய்.

காம்போசிஷன் திட்டம்: யாருக்குப் பொருந்தும்?

ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரையுள்ள சரக்கு வணிகர், வரிக்கு உட்பட்ட விற்பனையில் 1 விழுக்காடு மட்டும் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்ள வழி செய்வது இந்தத் திட்டம். உணவகத்துக்கு 5 விழுக்காடு. பிற சேவைகளுக்கு 50 லட்சம் வரை 6 விழுக்காடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஎம்பி-08 படிவத்தில் வரி கட்டி, ஆண்டுக்கொருமுறை ஜிஎஸ்டிஆர்-4 தாக்கல் செய்தால் போதும்.

கட்டுப்பாடுகள் உண்டு. வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது; அது கடைக்காரரின் லாபத்திலிருந்து போக வேண்டும். உள்ளீட்டு வரியை எடுக்க முடியாது. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. வாங்குபவர் இன்னொரு பதிவு பெற்ற வணிகராக இருந்தால், இவர் பில்லைக் கொண்டு அவர் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பதால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். எனவே மொத்த வியாபாரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தாது. நேரடியாக வீடுகளுக்கு விற்கும் மளிகை, பாத்திரக் கடை, துணிக்கடை, ஸ்டேஷனரி கடைகளுக்கு இதைவிட எளிய வழி தற்போதைய சட்டத்தில் இல்லை. இத்தனை எளிமையான திட்டம் இருந்தும், 'பதிவு எடுத்தாலே தொல்லை' என்ற பயத்தில் பலர் ஒதுங்கி நிற்பது வருத்தத்துக்குரியது. கடந்துபோன ஆண்டுகளுக்கு இத்திட்டத்தைப் பின்தேதியிட்டுக் கேட்க முடியாது. நோட்டீஸ் வந்த பிறகு பழைய விற்பனைக்கு வழக்கமான விகிதமே வரும்.

வழக்கமான பதிவில் இருப்பவர்கள் விற்பனை இல்லாத மாதத்திலும் 'விற்பனை எதுவும் இல்லை' என்று காட்டும் சூனிய ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். கடையை மூடியவர் பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்காமல் விட்டுவிட்டால், தாமதக் கட்டணம் நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

ரொக்கத்துக்கு மாறினால் தப்பிக்கலாமா?

க்யூஆர் அட்டையைக் கழற்றுவதால் விற்றுமுதல் குறைவதில்லை. அதை நிரூபிக்கும் சான்றுதான் குறைகிறது. சான்று இல்லாமல் போவது கடைக்காரருக்கும் நட்டமே. வங்கியில் தொழில் கடன் கேட்கும்போது விற்பனையைக் காட்ட வேண்டியவர் அவர்தான்.

ரொக்கமாக வாங்கிச் சேர்த்த பணம் என்றாவது வங்கிக்கு வரும். சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரொக்கம் செலுத்தினால், நடப்புக் கணக்கில் 50 லட்சத்தை எட்டினால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துப் பதிவைச் சார்பதிவாளர் அலுவலகமும் இதேபோல் தெரிவிக்கிறது. இவை தவிர ரொக்கத்துக்கென்றே சில தடைகள் இருக்கின்றன. ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. கடனாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க இடமுண்டு. தொழில் செலவுக்காக ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைக் கணக்கில் கழிக்க முடியாது.

வருமான வரி: 6 விழுக்காடும் 8 விழுக்காடும்

பேரேடு எழுத ஆள் வைக்க முடியாத சிறு வணிகருக்கென்றே 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்ற பிரிவு இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததில் பிரிவு எண்கள் மாறினாலும், இந்த ஏற்பாடு தொடர்கிறது. 2025-26 வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இங்கே பழைய எண்களே தரப்படுகின்றன.

ஆண்டு விற்றுமுதல் 2 கோடி வரை இருந்தால், வங்கி அல்லது யூபிஐ வழியாக வந்த விற்பனையில் 6 விழுக்காட்டையும், ரொக்க விற்பனையில் 8 விழுக்காட்டையும் லாபமாகக் காட்டி, அதற்கு மேல் செலவுக் கணக்கு எதுவும் கொடுக்காமல் முடித்துக்கொள்ளலாம். ரொக்க வரவு மொத்தத்தில் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் வரம்பு 3 கோடியாக உயரும். நம் மளிகைக் கடையின் கணக்கில், 36 லட்சத்துக்கு 6 விழுக்காடு 2.16 லட்சம்; 9 லட்சத்துக்கு 8 விழுக்காடு 72,000. ஆக 2.88 லட்சம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை என்பதால், வருமான வரி ஒரு ரூபாயும் வராது. அதே 45 லட்சமும் ரொக்கமாக வந்திருந்தால் காட்ட வேண்டிய லாபம் 3.60 லட்சம். யூபிஐயைக் கண்டு அஞ்சுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: சட்டம் சலுகை கொடுத்திருப்பது யூபிஐக்குத்தான்.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. 6, 8 விழுக்காடு என்பவை குறைந்தபட்சம். உண்மையான லாபம் அதற்கு மேல் இருந்து, அதைக் கொண்டு வீடோ நகையோ வாங்கியிருந்தால், உள்ளபடியே கூடுதலாகக் காட்டுவதுதான் முறை. 2.88 லட்சம் வருமானம் காட்டியவர் அதே ஆண்டில் 20 லட்சத்துக்கு மனை வாங்கினால் கேள்வி வருவது இயல்பு.

2. தரகு, கமிஷன், ஏஜென்சி வருமானத்துக்கு 44ஏடி பொருந்தாது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற தொழில்முறையினருக்கு 44ஏடிஏ என்ற தனிப் பிரிவு. அதில் 50 லட்சம் வரையிலான வரவில் பாதியை வருமானமாகக் காட்ட வேண்டும்.

3. ஓராண்டு இந்த முறையில் காட்டிவிட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அதைவிடக் குறைந்த லாபம் காட்டி வெளியேறினால், பிறகு ஐந்து ஆண்டுகள் திரும்ப வர முடியாது; வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால் தணிக்கையும் தேவைப்படும். ஆண்டுக்கு ஆண்டு வசதிப்படி மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அன்று இது.

4. ஆண்டு முடியும் முன்பே கட்டும் முன்வரி கட்ட வேண்டியிருந்தால், மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம்.

வரி இல்லையென்றாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டுமா? விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டினாலோ, ஆண்டு மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டினாலோ, வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவிட்டிருந்தாலோ, வருமானம் குறைவாக இருந்தாலும் தாக்கல் கட்டாயம். நம் கடைக்காரருக்கு இவை எதுவும் பொருந்தாது. ஆயினும் அவர் இந்த முறையில் வருமானம் காட்டுவோருக்கான ஐடிஆர்-4 படிவத்தைத் தாக்கல் செய்வதே நல்லது. ஜிஎஸ்டியில் காட்டிய விற்றுமுதல் வருமான வரித் துறைக்கும் தெரிகிறது. அங்கே 45 லட்சம் தெரிய, இங்கே எதுவுமே இல்லாமல் இருந்தால் அந்த இடைவெளியே கேள்வியாகும். தாக்கல் செய்தபின் 30 நாள்களுக்குள் மின்வழியில் சரிபார்க்கவும் வேண்டும். அதைச் செய்யாத ரிட்டர்ன் செல்லாது.

விற்பனை அல்லாத வரவுக்கு என்ன ஆதாரம்?

மேலே பிரித்த 46 லட்சத்தில் விற்பனை அல்லாத 10 லட்சம்தான் உண்மையில் சிக்கல் தரும் பகுதி. எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத வரவை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் மிகக் கடுமையாக நடத்துகிறது: 60 விழுக்காடு வரி, அதன் மேல் கூடுதல் வரியும் மேல்வரியும் சேர்த்து 78 விழுக்காடு. சட்டப்படியான பணமே ஆனாலும், தாள் இல்லாத காரணத்தால் முக்கால் பங்கை இழக்க நேரிடலாம்.

சீட்டுப் பணத்துக்குப் பதிவு பெற்ற நிறுவனத்தின் பாஸ்புக்கும் ஏலத்தாளும் போதும். தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கும் சீட்டில் அப்படி எதுவும் இருப்பதில்லை. குறைந்தபட்சம் மாதத் தவணையை வங்கி வழியாகக் கட்டினால் ஒரு தொடர்ச்சி தெரியும். கைமாற்றை வங்கி வழியாகவே வாங்கித் திருப்பிக் கொடுப்பதும், வாங்கிய நாளிலேயே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் பெறுவதும் அண்ணன் தம்பிக்குள்ளும் தேவையே. பக்கத்துக் கடைக்காக நம் க்யூஆரில் பணம் வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். எவ்வளவு நல்லெண்ணத்தில் செய்தாலும், அவருடைய விற்பனை நம் தலையில் ஏறுகிறது, திருப்பிக் கொடுத்த ரொக்கத்துக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

அன்பளிப்பு விஷயத்தில் உறவு முக்கியம். பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரிடமிருந்து எவ்வளவு வந்தாலும் வரி இல்லை. சித்தப்பா கொடுத்தால் விலக்கு உண்டு. சித்தப்பா மகன் கொடுத்தால் இல்லை. நம் குடும்பங்களில் அவரும் தம்பிதான் என்றாலும் சட்டத்தின் உறவுப் பட்டியலில் அவர் இடம்பெறவில்லை. பட்டியலில் இல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், முழுத் தொகையும் வருமானமாகும். திருமணத்தையொட்டி மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு இந்த வரம்பு இல்லை. காதணி விழாவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் அந்த விலக்கு கிடையாது. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேர்கிறது. ஊர் வழக்கில் அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதை அப்படி எடுத்துரைக்க வேண்டுமானால், யார் எவ்வளவு செய்தார், இவர் யாருக்கு எப்போது திருப்பிச் செய்தார் என்ற மொய் நோட்டுகள் பல ஆண்டுகளுக்குப் பத்திரமாக இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு ஏற்பாட்டைச் செய்ய முடியுமானால், கடைக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்கி, க்யூஆரை அதோடு இணைப்பதையே செய்ய வேண்டும். வீட்டுப் பணம் ஒரு கணக்கிலும் கடைப் பணம் ஒரு கணக்கிலும் இருந்தால், மேலே பார்த்த பிரிப்பு வேலையில் பெரும்பகுதி தானாகவே முடிந்துவிடும். ஜிஎஸ்டி பதிவுள்ளவர்கள் தங்கள் கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வெப்பத்தாளில் அச்சாகும் பில்கள் ஓராண்டுக்குள் வெளுத்துவிடுவதால், அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து மாதவாரியாகச் சேமிப்பது நல்லது.

மாதச் சம்பளக்காரர்கள் செய்யும் பிழைகள்

வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை 2021 நவம்பர் முதல் கிடைக்கிறது. வங்கி வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை, பெரிய ரொக்கச் செலுத்தல், சொத்து வாங்கியது என்று துறைக்குத் தெரிந்தவை அதில் இருக்கும். ரிட்டர்னுக்கு உட்காரும் முன் இதைப் பதிவிறக்கிப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். அதில் தவறு இருந்தால், ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே 'தகவல் சரியல்ல', 'வேறொருவருடையது', 'இருமுறை வந்தது' என்று பதில் தரும் வசதி உண்டு. கூட்டுக் கணக்கில் அப்பாவின் வைப்புத்தொகை வட்டி மகனின் பான் எண்ணில் வந்து நிற்பது அடிக்கடி நடப்பது.

வைப்புத்தொகை வட்டிக்கு வங்கி 10 விழுக்காடு பிடித்தம் செய்துவிட்டதால் வரி முடிந்தது என்று எண்ணுவது பரவலான பிழை. 20 விழுக்காடு விகிதத்தில் இருப்பவர் மீதியைக் கட்ட வேண்டும். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது.

ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்லி, இல்லாத வீட்டு வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதும் முகவர்களிடம் சிக்கியவர்கள் ஏராளம். 2025 ஜூலை 14 அன்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் 150 இடங்களில் துறை இதற்காகச் சோதனை நடத்தியது. ரிட்டர்னில் கையெழுத்து முகவருடையது அன்று, வரி செலுத்துபவருடையது, பொறுப்பும் அவருடையதே. தவறான கழிவு எடுத்தவர்கள் நோட்டீஸ் வருமுன் ஐடிஆர்-யூ எனப்படும் புதுப்பித்த ரிட்டர்ன் மூலம் திருத்திக்கொள்ளலாம். அதற்கான காலம் 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாமதத்துக்கு ஏற்ப வரியிலும் வட்டியிலும் 25 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடு வரை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நோட்டீஸ் வந்தால்

1. முதலில் அது உண்மையானதா என்று பாருங்கள். வருமான வரி நோட்டீஸில் டின் எனப்படும் ஆவண எண்ணும், ஜிஎஸ்டி ஆவணத்தில் ஆர்எஃப்என் எண்ணும் இருக்கும். அந்தந்தத் துறையின் தளத்தில் உள்நுழையாமலே அவற்றைச் சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்து, ஒரு கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்வது மோசடி.

2. என்ன வகை என்று அறியுங்கள். வருமான வரியில் 143(1) என்பது ரிட்டர்னைக் கணினி சரிபார்த்த முடிவு. பல வேளைகளில் வரி பாக்கி எதுவும் இருக்காது. ஜிஎஸ்டியில் ஏஎஸ்எம்டி-10 விளக்கம் மட்டும் கேட்பது. டிஆர்சி-01 காரணம் கேட்கும் நோட்டீஸ். இதற்குப் பதில் தராவிட்டால் உத்தரவாக முடியும்.

3. பதிலை எழுத்தில், தளத்தின் வழியே, கெடுவுக்குள் கொடுங்கள். மளிகைக் கடைக் கணக்கில் செய்தது போல மொத்த வரவை வகைவாரியாகப் பிரித்த ஒரு பக்க அட்டவணையும், ஒவ்வொரு வகைக்கும் ஆதாரமும் இருந்தால் நீண்ட வாதம் வேண்டியதில்லை. பாதகமான ஜிஎஸ்டி உத்தரவு போடுமுன் நேரில் கேட்கப்படும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. பதிலில் அதைக் கேட்டு எழுதுங்கள்.

4. ஜிஎஸ்டி உத்தரவு வந்துவிட்டால் மூன்று மாதங்களுக்குள், வழக்குக்குரிய வரியில் 10 விழுக்காடு செலுத்தி மேல்முறையீடு செய்யலாம்.

தளத்தில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது?

சிறு வணிகர்கள் பலருடைய ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளில் பதிவாகியிருப்பது கணக்கு எழுதுபவரின் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும். கடவுச்சொல்லும் அவரிடமே. இது வசதியாகத் தோன்றினாலும் ஆபத்தான ஏற்பாடு. ஜிஎஸ்டி நோட்டீஸைத் தளத்தில் பதிவேற்றுவதும் முறைப்படி அளித்ததாகவே சட்டத்தில் கொள்ளப்படுகிறது. வீட்டுக்குத் தபால் வரும் என்று காத்திருக்க முடியாது. கணக்கு எழுதுபவர் ஊரை விட்டுப் போயிருந்தாலோ, வாடிக்கையாளர் கூட்டத்தில் கவனிக்கத் தவறினாலோ, பதில் தராமலே உத்தரவு வந்து, மேல்முறையீட்டுக்கான மூன்று மாதமும் முடிந்து, வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே கடைக்காரருக்குச் செய்தி தெரியும். நீதிமன்றங்களுக்கு வரும் சிறு வணிகர்களின் ஜிஎஸ்டி வழக்குகளில் இந்தக் காரணம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

ஆகவே இரண்டு தளங்களிலும் உங்கள் சொந்த எண்ணும் மின்னஞ்சலும் இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் முக்கியமல்லாத விவரங்களைத் திருத்தும் பகுதியிலும், வருமான வரித் தளத்தில் சுயவிவரப் பகுதியிலும் இதைச் செய்யலாம். கட்டணம் எதுவும் இல்லை. ஆடிட்டரிடம் ஓடிபி கொடுக்க வேண்டியபோது, எந்தப் படிவத்துக்காக என்று கேட்டுக் கொடுத்து, தாக்கல் செய்த ரிட்டர்னின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் அன்றே வாங்கி வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தளங்களிலும் நுழைந்து, நோட்டீஸ் பகுதி காலியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கவும் வேண்டும்.